செல்வி கடித்த ஈயம்

நேற்று மாலை பின்வீட்டிலிருந்து புளித்த நெடி வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரகடத்தில் ஷிப்டு முடித்து வந்திருந்த வேலன், பழைய கார் பேட்டரியை உடைத்து, அதன் ஈயத் தகடுகளை அடுப்பில் உருக்கிக்கொண்டிருந்தார். அவர் மகளும் என் மகளும் அருகிலேயே குந்தியிருந்தார்கள்.

எங்கள் அப்பாவும் இப்படித்தான் உருக்குவார். ஏரியில் வீசும் வலைக்கு ஈயம் வேண்டும். சூடு ஆறியதும் என் தங்கை செல்வி துண்டுகளை வலைக்கயிற்றில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்குவாள். "எம்பொண்ணு பல்லு கொறடு மாதிரிடா" என்று அப்பா சிரிப்பார். அவளுக்கு வயிற்றுவலி வந்தபோது குடல்பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு படித்த எழுத்துகளை மறக்கத் தொடங்கினாள். ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது.

குழந்தைகளைத் தூர இழுத்தேன்.

"இன்னா சார், வெறும் பேட்டரிதான?" என்றார் வேலன்.

செல்வி என்னோடுதான் இருக்கிறாள். இன்றும் தனியாகத் தெருவைக் கடக்க மாட்டாள். அவளுக்கு நடந்ததை வேலனிடம் சொன்னேன்.

"செல்வி அக்கா பொறவியிலயே அப்டினு நெனச்சினு இருந்தேன் சார்."

வேலன் விறகை வெளியே இழுத்துப் போட்டார். பிறகு மகளின் விரல்களை விரித்துப் பார்த்தார்.