மூணு இழுப்பு

பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பியாயிற்று. இப்போது இழுத்துப் பார்க்கிறார். ஒன்று. சற்று நிறுத்தி, இரண்டு. பிறகு கால் கட்டைவிரலில் எழும்பி, உடம்புப் பாரம் முழுவதையும் பூட்டின்மேல் போட்டு, மூன்று. கதவு முனகுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டி வரை போகிறார். அங்கே என்ன தோன்றுமோ, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வருகிறது.

"நான் உள்ளதானே இருக்கேன்! எதுக்கு வெளிய பூட்டறீங்க?"

"பெல் அடிச்சா நீ தொறந்துடுவ. பூட்டு தொங்கினா எவனும் பெல் அடிக்கமாட்டான்."

கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் இதற்குச் சண்டை போட்டிருக்கலாம், இப்போது அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வேண்டுமானால் கொல்லைக் கதவு வழியாகச் சந்துக்குப் போய்க்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வாசல் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவியைச் சிவப்பு நூல் கட்டி அவளிடமே கொடுத்தும் வைத்திருக்கிறார். "உள்ள இருக்கறவளுக்கு வெளிப்பூட்டுச் சாவி எதுக்குங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "அவசரத்துக்கு" என்றார். அதற்குமேல் அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

தெருவில் எதிரே பார்த்தால் "சாவிக்காரர்" என்பார்கள். முதுகு திரும்பினால் "மூணு இழுப்பு". பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டும். அவரோ உட்காரவே மாட்டார். மாற்றுச் சாவி அறுக்கும் இயந்திரம் பல் கூசும்படி கத்திக்கொண்டிருக்க, இவர் எழுந்து வெளியே வந்து எட்டிப் பார்ப்பார், உள்ளே போவார், சட்டைப் பையிலுள்ள சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்ப்பார். திறக்காத பீரோ, சாவியை உள்ளே வைத்துச் சாத்திய கார், குழந்தை தாழ் போட்டுக்கொண்ட குளியலறை என்று எங்கே கூப்பிட்டாலும் ஓடுவார். எந்தக் கதவும் அவரிடம் அதிக நேரம் முரண்டு பிடித்ததில்லை.

யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் "வீட்டப் பூட்டிட்டு வந்தீங்களா?" என்றுதான் கேட்பார். சிரித்துக்கொண்டே வந்த மனிதர் முகம் வெளிறிப் பாதியில் வீட்டுக்கு ஓடுவார். ஒரு துக்க வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது, இறந்தவரின் மகன் காதருகே குனிந்து, "பீரோ சாவி எங்க இருக்குன்னு கேட்டு வச்சீங்களா?" என்றாராம். அவரை அடிக்கப் போகாத குறை. சாயங்காலம் அதே மகன் பவ்யமாக வந்து வாசலில் நின்றான்.

ஊரின் கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே மாதிரியான வீடுகள் அவர்கள் தெரு. அத்தனை வீட்டு மாற்றுச் சாவிகளும் அவரிடம் இருந்தன. உள்ளறையில் ஒரு பலகை, பலகையில் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு பித்தளை வில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்து நின்றால் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட மாட்டார். யார் தொலைத்தது, கடைசியாக எங்கே பார்த்தது, கூட யார் இருந்தது என்று குறுக்கு விசாரணை நடக்கும். வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார். சாவிக்காரருக்கு அந்த நேரந்தான் உயிர். பிள்ளை குட்டி இல்லாத வீடு, கடையிலும் பெரிய வரும்படி இல்லை. ஆனால் ஒரு தெருவே தன்னை நம்பித் தூங்குகிறது என்பது சின்ன விஷயமா?

பக்கத்து வீட்டுக்கு லாரிக்காரர் குடும்பம் குடிவந்தது இந்த நிம்மதிக்குத்தான் வேட்டு வைத்தது. லாரிக்காரரும் அவர் தம்பியும் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள். லாரிக்காரர் மனைவிக்கு ஒலிபெருக்கி தேவையில்லாத குரல். கால் விழுந்துபோன மாமனார் ஒருவர் கூடத்துக் கட்டிலில். எருமைக் கன்று அளவுக்கு ஒரு நாய். லாரி விடியற்காலையில் உறுமும், திரும்பும்போது ஹாரன் அடிக்கும். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு சோபா அவர்கள் வாசலில், நடைபாதையிலேயே, வந்து உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம்கூடச் சாவிக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர்கள் வீட்டு வாசல் கதவு திறந்தே கிடந்தது. பகலிலும் அப்படித்தான், எல்லோரும் வெளியே போகும்போதும் அப்படித்தான்.

மறந்துவிட்டார்களோ என்று முதல் நாள் நினைத்தார். அடுத்த நாள் பூட்டு இல்லையோ என்று நினைத்தார். நல்ல கனமான பூட்டு ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துப் போய் லாரிக்காரர் கையில் வைத்தார். லாரிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கு அண்ணே இது? எத்தனை வீட்டு சாமானத் தூக்கியிருக்கேன் தெரியுமா? ஜனங்க பூட்டிப் பூட்டி வச்சதெல்லாம் கடைசியில பார்த்தா குப்பை."

"திருடன் வந்தா?"

"வரட்டுமே. சோபாவ உள்ள தூக்கி வைக்க ஒரு ஆள் குறையுது."

அந்தப் பூட்டு அன்றே அவர்கள் வீட்டு ஜன்னல் படபடக்காமல் இருக்க முட்டுக் கொடுக்கப் போய்விட்டது. சாவிக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

போதாதற்கு, தங்கள் வீட்டை எப்படி வைத்திருந்தார்களோ அப்படியேதான் அடுத்த வீட்டையும் பார்த்தார்கள். லாரிக்காரர் மனைவி கொல்லைச் சுவரைத் தாண்டி வருவாள், ஏணியை எடுப்பாள், சுத்தியலை எடுப்பாள், போகிற போக்கில், "அண்ணி, எடுத்துக்கிட்டேன்!" என்று கத்துவாள். அதற்குத் தன் மனைவி உள்ளேயிருந்து சிரிப்பதும் அவர் காதில் விழுந்தது. அவள் இப்படிச் சிரித்துக் கேட்டு வெகு காலமாகியிருந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மழை நாள். கோடி வீட்டு டீச்சர் சாவியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டாள். மாற்றுச் சாவி சாவிக்காரர் வீட்டுப் பலகையில் இருக்கிறது. சாவிக்காரர் கடையில் இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் பூட்டு தொங்குகிறது, உள்ளே இருக்கும் மனைவிக்கோ பலகையைத் தொட அனுமதி இல்லை. டீச்சர் எங்கே போவாள்? திறந்திருந்த வீட்டுக்குள் போனாள். துண்டு கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், பெரியவர் பழைய கதை சொன்னார். சாயங்காலம் சாவிக்காரர் வந்து விசாரணையைத் தொடங்கியபோது டீச்சர் கையை மட்டும் நீட்டினாள். "குடுங்க சார். இனிமே நானே வச்சுக்கறேன்."

அதோடு பிடித்தது சனி. மாமியார் ஊரிலிருந்து வருகிறாள் என்று ஒருவர் தன் சாவியை வாங்கிப் போனார். வேலைக்காரிக்குக் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் சாக்குச் சொல்லவும் யாரும் சிரமப்படவில்லை. பலகையில் கொக்கிகள் மட்டும் பல்லிளித்தன. அவர் உள்ளறைக்குப் போவார், வெறும் கொக்கியைத் தொடுவார், வருவார், மறுபடி போவார். "இப்படி நடந்தா தரை தேஞ்சு கீழ போயிடுவீங்க" என்றாள் மனைவி.

இனி ஒரே வழிதான். திருட்டு நடக்க வேண்டும். பெரிதாக வேண்டாம், ஒரு குக்கர், ஒரு மின்விசிறி, ஏதாவது போனால் போதும். தெரு முழுவதும் புத்தி வந்து பலகைக்குத் திரும்பும். பேப்பரில் திருட்டுச் செய்திகளை உரக்கப் படித்தார். புதிய முகம் தெருவில் தென்பட்டால் ஆசையோடு பார்த்தார். அந்த ஆள் சோபாவில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு நன்றி சொல்லிப் போய்விடுவான். உலகத்தில் ஒரு திருடனுக்குக்கூடவா பொறுப்பில்லை?

கடைசியில் அந்தப் பொறுப்பையும் அவரே தலையில் போட்டுக்கொண்டார்.

நட்டநடுப் பகல். கடையைச் சாத்திவிட்டு வந்தார். லாரி இல்லை, குரலும் இல்லை. நாய் தலையைத் தூக்கிப் பார்த்து, தெரிந்த ஆள்தானே என்று படுத்துக்கொண்டது. எத்தனையோ பூட்டைத் திறந்த கைக்கு அங்கே வேலையே இல்லை. கூடத்தில் பெரியவர் கண்ணை மூடிக் கிடந்தார். எதை எடுப்பது என்று தெரியவில்லை. பார்த்ததெல்லாம் லாரிக்காரர் சொன்ன மாதிரி குப்பையாகவே இருந்தது. சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு வாசலைத் தாண்டினார். பழக்க தோஷம், கை தானாகப் பின்னால் போய்க் கதவை இழுத்தது.

"தம்பி," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல், "சாத்திடாதீங்க. காத்து வராது."

வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி, பீரோவில் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டார். கூச்சல் எழும், தெரு கூடும் என்று காத்திருந்தார். கூச்சலும் இல்லை, கூட்டமும் இல்லை. "பீரோவுக்குள்ள என்னங்க சத்தம்?" என்று மனைவிதான் கேட்டாள். பூச்சியாக இருக்கும் என்றார். அது போதாதென்று, கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டார். அதையும் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி கொல்லையில் இருந்த நேரமாகப் பார்த்துக் கழற்றி, துடைத்து, சரிசெய்து, மறுபடி பூட்டி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லைச் சுவருக்கு மேல் லாரிக்காரர் மனைவியின் தலை முளைத்தது.

"அண்ணா, கடிகாரம் சரியாயிடுச்சா? நீங்க ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனதா மாமா சொன்னாரு."

"ஆச்சு," என்றார் ஒருவழியாக. "இப்ப கரெக்டா ஓடுது."

"தங்கமான மனுஷன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அந்தத் தலை மறைந்தது.

கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். பெரியவர் சிரித்தார். சாவிக்காரர் சுவரைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். கடிகாரம் இருந்த ஆணியில் சாவிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வில்லை, அவர் கையால் வெட்டியது. டீச்சர் வீட்டுச் சாவி, எதிர் வீட்டுச் சாவி, கோடி வரைக்கும் எல்லாமே அங்கே இருந்தன.

"ஆணி சும்மாதானே இருந்துச்சு," என்றாள் லாரிக்காரர் மனைவி. "டீச்சர்தான் முதல்ல மாட்டினாங்க. அப்புறம் எல்லாரும். இங்க இருந்தா யார் எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம்ல."

தன் கையால் காலி செய்து கொடுத்த ஆணி. அப்போதுதான் எல்லாவற்றுக்கும் மேலாக, வில்லை இல்லாமல், சிவப்பு நூல் கட்டி ஒரு சாவி தொங்குவதைப் பார்த்தார்.

"அது அண்ணியோடது. நேத்துதான் மாட்டிட்டுப் போனாங்க." இந்த ஒரு தடவை அவள் குரல் தணிந்திருந்தது. "உள்ள விழுந்து கிடந்தா யாராவது வரணும்லன்னு சொன்னாங்க."

கடிகாரம் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பெரியவரின் கட்டிலில் வைத்தார். ஆணியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். ஆடியது.

"சுத்தியல் இருக்கா?"

"உங்களோடதுதான். கட்டிலுக்கு அடியில பாருங்க."

குனிந்து எடுத்தார். சாவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெரியவரின் மடியில் வைத்தார். சிவப்பு நூல் சாவியை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு ஆணியை அடித்து இறக்கினார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, அந்தச் சாவியை மேலே மாட்டினார். பிறகு ஆணியைப் பிடித்து இழுத்தார். ஒன்று. சற்று நிறுத்தி, இரண்டு. கால் கட்டைவிரலில் எழும்பி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு, மூன்று.