கெடா வெட்டிக் கட்டிய பாலம்

எழுபதுகளில் நான் பாலம் கட்டும் பிரிவில் இளநிலைப் பொறியாளர். ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாங்கள் கட்டிய ஓடைப்பாலம் முதல் வெள்ளத்திலேயே போய்விட்டது. தண்ணீர் போகும் கண்கள் குறுகல். அடித்துவந்த முள்மரங்கள் அவற்றை அடைத்துக்கொள்ள, வெள்ளம் தூணடியை அரித்துவிட்டது. கண்களை அகலமாக்குங்கள், அடித்தளத்தைப் பாறைவரை இறக்குங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

ஊர்க்காரர்களோ, "கெடா வெட்டாம ஆரம்பிச்சீங்க, அதானுங்க போயிருச்சு" என்றார்கள். என் மேலதிகாரிக்கு அது வசதியாகப் போயிற்று. பழைய வரைபடத்தையே மறுபடி எடுத்தார். கெடா மட்டும்தான் புதிது.

பாலம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? வருஷக்கணக்கில் மழை பொய்த்து, ஓடையில் ஆடுதான் மேய்ந்தது. நான் வாயைத் திறந்தாலே, "நிக்குதுல்ல?" என்பார் அதிகாரி. அந்த வெற்றியைக் காட்டியே அதே வரைபடத்தில் சுற்றுவட்டாரமெங்கும் பாலங்கள் எழுந்தன.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி மழை அந்தக் கெடா வெட்டிய பாலத்தை அள்ளிக்கொண்டு போனது. அதே முள்மரங்கள், அதே அரிப்பு. சாய்ந்து கிடந்த தூணைக் காட்டி நான் பேசுவதற்குள் ஊர்ப் பெரியவர் முந்திக்கொண்டார்: "அப்பவே சொன்னனுங்க, கெடா சின்னதுன்னு."

அதிகாரி என் பக்கம் திரும்பிக் கடுகடுத்தார்: "இதை ஏன்யா எங்கிட்ட அப்பவே சொல்லல?"