சாக்குக் கிடங்கில் ஒரு சமுத்திரம்

ஏலக்காய் வந்த சாக்கில் முகத்தைப் புதைத்தால் மூக்குக்குள் ஒரு குளிர்ச்சி ஏறும். வற்றல் மிளகாய் வந்த சாக்கில் புதைத்தால் அன்று முழுவதும் தும்மிக்கொண்டிருக்கலாம். துவரை வந்த சாக்குக்கு மழையில் நனைந்த மண்சுவரின் வாசம், புண்ணாக்கு வந்த சாக்குக்கோ மாட்டுக்கு மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு வாசம். உத்தமபாளையத்தில் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து விற்கிற கடைக்காரரின் மகளாகப் பிறந்ததால், மற்றப் பிள்ளைகள் எழுத்தைக் கற்ற வயதில் நான் இதைத்தான் முதலில் கற்றேன். இந்தப் படிப்பை வைத்து எனக்கு யாரும் வேலை தரவில்லை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடை விடுமுறையில், இதே படிப்பை வைத்து நான் ஒரு ராஜ்ஜியத்தை நிறுவினேன் என்பதைக் கேட்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோடையில் எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், முதல் போக நடவுக்கு நாள் இருக்கும், சாக்குக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் சாக்குக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கும். அந்த மலைகளுக்கு நடுவில்தான் "சாக்குமலை ராஜ்ஜியம்" என்ற என் விளையாட்டு நடந்தது. தெருப்பிள்ளைகளில் ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியர், ஒருவர் மந்திரவாதி. கண்ணைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டும், எந்த நாட்டுக்குள் நுழைந்திருக்கிறோம் என்பதை மூக்குத்தான் சொல்லும். ஏலக்காய் என்றால் வனதேவதைகளின் நாடு, அங்கே இளைப்பாறலாம். மிளகாய் என்றால் நெருப்பு மூச்சு விடும் பூதத்தின் நாடு. அங்கே தும்மினவருக்கு ஒரு "உசுரு" போய்விடும். பூதம் இருக்கிறதா என்று ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை, மூக்கு எரிந்ததே, அது போதாதா?

எல்லாவற்றையும் நடத்துகிறவருக்குப் பெயர் "கண்டக்டர்". யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது, எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று இத்தனையையும் ஒரு விசிலால் தீர்மானிக்கிற வேறு அதிகாரியை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மைதீன் என்ற என் வகுப்புத் தோழனின் மாமா கம்பம் வண்டியில் நிஜக் கண்டக்டர். அவர் கழித்துக்கட்டிய விசில் ஒன்று என் கழுத்தில் தொங்கியது. ஆனால் கண்டக்டருக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. ஆட்டக்காரர் எதைச் செய்யப்போவதாகச் சொன்னாலும், ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கிய ஐந்து புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். வெள்ளை அதிகம் விழுந்தால் அது நடந்தே தீரும், கண்டக்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை இயற்றியவளும் நான்தான். பெருந்தன்மையாக ஆளவேண்டும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெளாடுங்க ஆத்தா, கட்டுப் பிரிஞ்சுச்சுன்னா தோலு பிரிஞ்சுரும்" என்று சொன்னதோடு சரி, வேறு தடை இல்லை. விடுமுறைக்கு வந்த சுருளிப்பட்டிப் பிள்ளைகள் ஊருக்குப் போகமாட்டேன் என்று அழுதன. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் தெருவில் என்னைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டன. அந்த மரியாதை அதற்குப்பின் எனக்குக் கிடைத்ததே இல்லை. எழுத்தாளர் ஆன பிறகுமா என்று கேட்டால், எழுத்தாளர் ஆன பிறகு இருந்ததும் போயிற்று.

வருடம் முழுவதும் ஒரே கேள்விதான்: ரெண்டாம் பாகம் எப்போது? நானும் இத்தகைய நேரங்களில் எல்லோரும் செய்கிற தவற்றையே செய்தேன், வாயைக் கொடுத்தேன். "போன வருசத்தவிட நல்லா இல்லாட்டி விசிலக் கழட்டி யாரு கேட்டாலும் குடுத்துர்றேன்" என்று மைதீனிடம் சொல்ல, அவன் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டான். கழுத்தில் விசில் இல்லாத என்னை என்னாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆக, பெரிதாக எதையாவது செய்தாக வேண்டும். மலை ஆகிவிட்டது, காடு ஆகிவிட்டது, மிச்சம் இருந்தது கடல்.

நான் கடலைப் பார்த்ததில்லை. எங்களில் ஒருவருமே பார்த்ததில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் கண்ணில் படும். தண்ணீர் என்பது பெரியாற்றிலிருந்து மலையைக் குடைந்து வந்து, ஆற்றில் இறங்கி, வாய்க்காலில் திரும்பி, மடையில் நின்று, முறை வைத்து வயலுக்குப் போகிற ஒன்று. வருடா வருடம் வாய்க்காலை அடைத்ததும் அங்கங்கே தேங்கும் குட்டைகளில், அடியில்லாத பழைய திராட்சைக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே கைவிட்டு மீன் பிடிப்போம். நீர்நிலை பற்றிய எங்கள் அனுபவத்தின் எல்லை அதுதான். கடல் எங்கள் ஊருக்குத் தூதனுப்பியது ஒரே வடிவத்தில், கருவாடாக. கருவாடு வந்த சாக்குகளை மட்டும் அப்பா கிடங்குக்குள் சேர்க்கமாட்டார், வெளியே மதிலோரம் போட்டிருப்பார். ரெண்டாம் பாகத்துக்காக நான் அவற்றை உள்ளே இழுத்து வந்து பரப்பினேன். மேலே அம்மாவின் பழைய நீலச் சேலைகள் இரண்டு. பூகோளப் புத்தகத்திலிருந்து கடல் பாடம் முழுவதும் மனப்பாடம். கடலடியில் ஒரு சமுத்திராசுரன். அவன் உயிர் ஒரு சங்குக்குள். சங்கு ஏழு கடலுக்கு அப்பால். கப்பல் கட்டவே ஒரு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அசுரனாகவும் நானே நடிப்பதாக இருந்ததால் கர்ஜனைக்குப் பயிற்சி எடுத்தேன். அம்மா வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்தாள்.

விடுமுறையின் முதல் நாள் காலையில் கிடங்கு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது முதல் அபசகுனம். நான் பொருட்படுத்தவில்லை. விசில் ஊதி, உலகத்து ஆறுகள் எல்லாம் ஓடி வந்து விழுகிற மகா சமுத்திரத்தைப் புத்தகத் தமிழில் வர்ணித்துவிட்டு, அசுரனாகச் சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆட்டக்காரர்கள் அப்படியே நின்றார்கள். மலை என்றால் ஏறத் தெரியும், காடு என்றால் பதுங்கத் தெரியும்; கடல் முன்னால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அலை எப்படி இருக்கும் என்று ஒருவன் கேட்டான். எனக்கும் தெரியாது. பெரிதாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

அப்போதுதான் பேச்சி வாயைத் திறந்தாள். பேச்சியின் வீடு வாய்க்கால் கரையில், அவர்களுடையது நஞ்சை விவசாயக் குடும்பம். போன வருடம் அவள் வைத்தியர். மிளகாய் நாட்டில் தும்மித் தும்மியே உசுரையெல்லாம் தொலைத்தவள்.

"இதுக்கு மடை எங்கன இருக்கு?" என்றாள்.

கடலுக்கு மடை கிடையாது என்று கடலுக்கு அடியிலிருந்து பதில் சொன்னேன்.

"அப்ப தண்ணி எங்கிட்டிருந்து வருது?"

ஆறுகளிலிருந்து என்றேன். சற்று முன்னால் அதை அத்தனை அழகாக வர்ணித்தவளே நான்தானே, மாற்றிச் சொல்ல முடியுமா?

"ஏலே மைதீனு, கப்பல விடு. மேல போயி எல்லா ஆத்துலயும் தலைமடைய அடைச்சிட்டு வந்துருவோம். தண்ணி வத்துனா அசுரன் சேத்துல கெடப்பான்."

"கடலு வத்துமா புள்ள?" என்று மைதீன் கேட்டான்.

"வாய்க்கா வத்துதுல்ல? இது கொஞ்சம் பெருசு. வெயிலு அடிக்கட்டும், உக்காந்திருப்போம்."

அது முடியாது, கடல் அப்படிப்பட்டதல்ல என்று சேலைக்குள்ளிருந்து கத்தினேன். பேச்சி பதறவே இல்லை. "கொட்டைய உருட்டிப் பாப்போம் கண்டக்டரே. கறுப்பு விழுந்துச்சுன்னா ஒங்க கப்பல்லயே வர்றோம்" என்றாள். இதைவிட நியாயமாக யாராலும் பேச முடியாது. உருட்டினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கூச்சல்: ஐந்தும் வெள்ளை.

அதன் பிறகு அவர்கள் செய்ததுதான் என்னால் மறக்க முடியாதது. கடல் வற்றுவதற்காக உண்மையிலேயே காத்திருந்தார்கள். கட்டுகளின் மேல் வரிசையாக உட்கார்ந்து, உப்புத் தொட்டு மாங்காய் தின்றுகொண்டு, அங்கே வற்றிவிட்டது, இங்கே இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் சித்திரை வெயிலில் கருவாட்டுச் சாக்கின் மேல், நீலச் சேலைக்குள், மெல்ல வற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் யாரோ சேலையை உருவினார்கள். என் தலை வழியாக ஒரு திராட்சைக் கூடை இறங்கியது. ஒரு மாதம் பழகிய கர்ஜனையைக் கூடைக்குள்ளிருந்து விட்டேன்.

"கெளுத்தி மாதிரி கத்துது. முள்ளு ஏறிறாம புடிங்க" என்றாள் பேச்சி.

ஒரு விடுமுறை முழுவதும் ஓட வேண்டிய ரெண்டாம் பாகம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. கேவலமாக இருந்தது என்று ஒருவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மைதீன் நல்ல பிள்ளை, யோசித்துச் சொன்னான்: "நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. போன வருசம் மாதிரி இல்ல." பிற்காலத்தில் என் இரண்டாவது புத்தகம் வந்தபோது இதே மதிப்புரையை நாலைந்து பேர் இதைவிட நீளமாக எழுதினார்கள். முதலில் எழுதியது மைதீன்தான்.

விசிலைக் கழற்றினேன். யார் கேட்டாலும் கொடுப்பதாகச் சொன்ன விசிலை ஒருவரும் கேட்கவில்லை என்பது அடுத்த அவமானம். நானே போய்ப் பேச்சியின் கையில் வைத்தேன். அவள் பாவாடையில் துடைத்துவிட்டு, ஊதிக்கூடப் பார்க்காமல், வெறும் சாக்காகக் கிடந்த என் கடலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வத்துன எடமெல்லாம் வண்டலு. சும்மாவா போடுறது?"

மறுநாளே மூன்றாம் பாகம் தொடங்கியது. அதில் பூதம் இல்லை, சங்கு இல்லை. கடல் இருந்த இடத்தை வயலாகப் பிரித்து, வாய்க்கால் வெட்டி, அடைத்த ஆறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற விளையாட்டு. வரப்பைத் தள்ளிப் போடுகிறவன், அடுத்தவன் முறையில் மடையைத் திறக்கிறவன், பஞ்சாயத்துப் பேசுகிறவன் என்று எல்லோருக்கும் வேஷம் இருந்தது, அதற்கு மேல் எல்லோருக்கும் அது நன்றாகத் தெரிந்தும் இருந்தது. கருவாட்டுச் சாக்கைத் திட்ட வந்த அப்பா அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, திட்ட மறந்து, "அவன் முறை விடியிறதுக்கு முன்னயே முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்குத் தொறக்குறான்?" என்று வழக்கில் இறங்கிவிட்டார்.

நிலம் பிரிக்கிற அன்று ஒரு சிக்கல் வந்தது. கூடையில் பிடிபட்டுச் செத்துப்போன அசுரனுக்கு எதற்கு வயல் என்று மைதீன் கேட்டான். சட்டப்படி சரியான கேள்வி. நான் கிடங்கின் வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பேச்சி விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"கடலு அவ கொண்டாந்தது. அவ கொண்டாரலன்னா நீ என்னத்த வத்த வச்சிருப்ப? கடைமடையாச்சும் அவளுக்கு இருக்கட்டும்."

அந்த விடுமுறை முழுவதும் நான் கடைமடைக்காரியாக இருந்தேன். தண்ணீர் எனக்கு வந்து சேரவே சேராது. மேல்மடைக்காரர் ஒவ்வொருவரோடும் சண்டை போட்டேன், கொட்டை உருட்டினேன், தோற்றேன், மறுபடி உருட்டினேன். ராஜ்ஜியத்தை ஆண்டபோது இல்லாத சந்தோஷம் அதில் இருந்தது. இன்றைக்கும் பெருமைப்படச் சொன்னால், எல்லோரும் கொண்டாடிய முதல் பாகத்தை விட்டுவிட்டு, பாழாய்ப்போன ரெண்டாம் பாகத்தைத்தான் சொல்வேன். மூன்றாம் பாகம் முளைத்த மண் என்னுடையது.

இப்போது சாக்கு என்றால் வெள்ளைப் பிளாஸ்டிக் பை. அதில் ஏலக்காய் வந்தாலும் மிளகாய் வந்தாலும் மூக்குக்கு ஒரே நாடுதான். கிடங்கு இருந்த இடத்தில் கைபேசிக் கடை வந்திருக்கிறது. போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி மகன் மடிக்கணினியை முறைத்துக்கொண்டு, சாப்பிடக்கூட எழாமல் உட்கார்ந்திருந்தான். மந்திரவாதிகளும் டிராகன்களும் வருகிற ஏதோ விளையாட்டாம். முதல் பாகம் அற்புதமாம். ரெண்டாம் பாகத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, விலையும் கொடுத்து வாங்கினால், குப்பையாம். செய்தவர்களை உலகம் முழுவதும் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம். திரையில் ஒரு கடல் நீலமாகத் தளும்பிக்கொண்டிருந்தது. இதை வற்றவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடியாது அத்தை. அவங்க என்ன வச்சிருக்காங்களோ அதைத்தான் செய்யலாம்."

அவனுக்காக வருத்தப்பட்டேன். அதைச் செய்தவர்களுக்காக இன்னும் கொஞ்சம் அதிகமாக. எத்தனை பேர் திட்டி என்ன, அவர்கள் தலையில் கூடையைக் கவிழ்க்க அங்கே ஒரு பேச்சி இல்லை.