ஒருமுறை கழுவிய குழாய்கள்

நான் வேலை செய்த இரத்த வங்கியில் எனக்கு மேலே இருந்த மனிசனுக்குத் தன் வேகத்தில் பெரிய பெருமை. நோயாளியின் சீரத்தையும், ஏற்றப்போகும் இரத்தத்தின் செங்கலங்களையும் குழாயில் கலந்து சூட்டில் வைத்து, உப்புநீரில் மூன்றுமுறை கழுவ வேண்டும். அந்நிய இரத்தத்தைத் தாக்கும் பிறபொருளெதிரி நோயாளியின் சீரத்திலிருந்து கலங்களில் ஒட்டியிருந்தால், பிறகு விடும் மருந்துத் துளி அவற்றைத் திரளவைத்துக் காட்டிவிடும்; திரண்டால் அந்த இரத்தம் பொருந்தாது. சரியாகக் கழுவாவிட்டால் மிஞ்சிய சீரம் அந்தத் துளியையே கெடுத்துவிடும். இவர் ஒருமுறைதான் கழுவுவார்.

"மூண்டுதரம் கழுவ இதென்ன கோயில் பாத்திரமே?" என்பார். நாங்களும் பல்லைக் காட்டுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒருநாள் காலையில் நீர்வேலிப் பெண் ஒருவருக்கு இரத்தம் கேட்டார்கள். மூன்றாவது பிள்ளை, சத்திரசிகிச்சை. முந்தின பேற்றிலும் இரத்தம் ஏற்றியிருந்தது; அப்படியானவர்களுக்குப் பிறபொருளெதிரி உண்டாகியிருக்கக்கூடும். இவர் 'பொருத்தம்' என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்தக் குழாய்க்குள், பிறபொருளெதிரி ஏற்கெனவே ஒட்டிய கலங்களை விட்டுப் பார்த்தேன். துளி கெடாமல் இருந்திருந்தால் அவை திரண்டிருக்க வேண்டும். திரளவில்லை.

வார்டுக்குப் போன் எடுத்து இரத்தத்தை ஏற்றவேண்டாம் என்றேன். அவர் வந்ததும் சொன்னேன்.

"சேர், உந்தச் சோதினை செல்லாது."

"அது கலத்தின்ரை பிழை. பழசாயிருக்கும்."

"காலமைதான் திறந்தது, சேர்."

"நான் உந்த வேலைக்கு வரேக்கை நீர் பிறந்திருக்கவும் மாட்டீர்."

மூன்றுமுறை கழுவித் திரும்பச் செய்தேன். நுணுக்குக்காட்டியில் சின்னச் சின்னத் திரள்கள் தெரிந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"கொஞ்சந்தானே," என்றார்.

அந்தச் சொல்லோடு அவர்மேல் எனக்கிருந்த கடைசி மரியாதையும் போனது.

பொருந்தும் இரத்தம் ஐந்தாவது பையில்தான் கிடைத்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்தப் பெண்ணின் புருசன் யன்னலடியில் வந்து நன்றி சொன்னபோது, "நாங்கள் வடிவாய்ப் பாத்துத்தான் குடுப்பம்," என்று இவர் கூசாமல் சொன்னார்.

நான் பொறுப்பு வைத்தியரிடம் போனேன். குளிர்ப்பெட்டியில் இருந்த பழைய மாதிரிகளை எல்லாம் திரும்பச் சோதித்தோம். இவர் 'பொருத்தம்' என்று எழுதிய பிழை இன்னொன்றும் அகப்பட்டது. நல்லகாலம், அந்த நோயாளிக்கு இரத்தம் தேவைப்பட்டிருக்கவில்லை.

அடுத்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தில், வலுக்குறைந்த பிறபொருளெதிரிகளையும் எங்கள் ஆய்வுகூடம் இப்போது கண்டுபிடிக்கிறது என்று இவர் எழும்பிப் பேசினார். திரையில் போட்டது, அன்று நுணுக்குக்காட்டியில் தெரிந்த திரள்களை நான் எடுத்த படம். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போனேன்.