தொடக்கூடாத வாசக்கால்

எனக்குக் கோபம் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரஷர் ஏறுமாம். அந்த மனுஷர் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமனார் கட்டியது. சுண்ணாம்புச் சுவர், மேலே தேக்கு விட்டங்கள். மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். இரண்டு வருடங்களுக்கு முன் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பின்னறையில் படுக்க வைத்தோம். மகள் சென்னையிலிருந்து சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினாள். அது பின்னறை வாசலில் நுழையவே மாட்டேன் என்றது. அந்தக் காலத்து வாசல். ஒல்லியாக ஒரு ஆள் போகலாம், அவ்வளவுதான்.

பாத்ரூமோ கூடத்தைத் தாண்டி அந்தப் பக்கம். கட்டிலிலிருந்து இவரை நாற்காலிக்கு மாற்ற நான் ஒருத்தியே போதும். அந்த வாசலைக் கடக்கத்தான் இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு இவரைத் தூக்கி, ஒருக்களித்து ஒருக்களித்து வெளியே கொண்டுவருவோம். இவர் கண்டக்டராக இருந்தவர். வேலூர் பஸ்ஸில் ஒரு சத்தம் போட்டால் படிக்கட்டே காலியாகும். அப்பேர்ப்பட்டவர், ஒன்றுக்குப் போக ஊரான் தூக்குவதா என்று வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். டம்ளரை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வார். சிறுநீரில் கிருமி வந்து, காய்ச்சல் கண்டு, மறுபடி ஆஸ்பத்திரி. வாசலை அகலப்படுத்தியே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “இது சும்மா தடுப்புச் சுவர் இல்லம்மா. விட்டமெல்லாம் இதுமேலதான் உக்காந்துனு இருக்குது. மாடியையே இதுதான் தாங்குது. முட்டு கொடுத்து, இரும்பு கர்டர் ஏத்திட்டுதான் உடைக்கணும்” என்றார். ஏத்துங்க என்றேன்.

மாடியிலிருந்து பெரியவர் இறங்கி வந்தார். என் கணவரின் அண்ணனைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ரிடையரானவர். மாடி இறங்கிவிடும் என்று தகராறு செய்வாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

“சுவத்த இன்னா வேணா பண்ணிக்கோம்மா. வாசக்கால்ல மட்டும் கை வைக்காத. ஆடி பொறக்கப் போவுது. ஆடியில வாசக்காலப் பேத்தா வீட்டுக்கு மூத்தவனுக்கு ஆவாது. ஆவணி வரட்டும்.”

மூத்தவன் யார்? சாட்சாத் பெரியவர்தான். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது; அவர் முடியாது என்றால் வேலையே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மேஸ்திரி முட்டு கொடுத்தார், கர்டரை ஏற்றினார், வாசலின் இரு பக்கமும் சுவரை இடித்தார். எல்லாம் முடிந்து பார்த்தால், அகலமான திறப்பின் நட்டநடுவில் பழைய மர வாசக்கால் மட்டும் தனியாக நிற்கிறது! விழாமலிருக்க மேலே ஒரு ஆப்பு. இந்தப் பக்கம் ஒரு சந்து, அந்தப் பக்கம் ஒரு சந்து. சக்கர நாற்காலி எதிலும் போகாது. மாடியையே சுமந்த சுவரை உடைக்கலாமாம்; ஒன்றையும் சுமக்காத நாலு கட்டையைத் தொடக்கூடாதாம். பௌதிகமாம் பௌதிகம்! “இன்னாக்கா, வீட்டுக்குள்ள டோல்கேட்டா?” என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

ஆடி வெள்ளி வந்தது. பெரியவரின் மனைவி மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையுமாக இறங்கி வந்து, அந்த ஒற்றை வாசக்காலுக்குப் பூசை போட ஆரம்பித்தார். அன்றைக்குப் பௌர்ணமியும் சேர்ந்துகொண்டதால் ஆட்டோக்காரர் கிரிவலச் சவாரிக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து இவர் கூப்பிடுகிறார். வாய் குழறும், அவசரத்தில் “ஏ... ஏ...” என்றுதான் வரும்.

“அக்கா, ஒரு கை புடிங்க. அவசரமா கூப்புடறாரு.”

“இரும்மா, கற்பூரம் ஏத்திட்டேன். மலை ஏறட்டும்.”

கற்பூரம் அணைவதற்குள் இவர் வேட்டி நனைந்துவிட்டது. அண்ணி பார்க்கிறார் என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேறு வேட்டி கட்டிவிட்டு, நேராகக் கொல்லைக்குப் போனேன். மேஸ்திரி விட்டுப்போன கடப்பாரை அங்கே கிடந்தது. எடுத்துவந்து ஆப்பின்மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

“ஐயையோ, இன்னா பண்ற நீ!” என்று அக்கா அலற, பெரியவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“மூத்தவருக்கு ஆவாதுன்னா ஆவாமப் போவட்டும் மாமா! இளையவருக்கு இப்ப இன்னா ஆச்சுன்னு பாத்தீங்களா?” என்று கத்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. இன்னும் இரண்டு போடு. மஞ்சளும் குங்குமமுமாக வாசக்கால் கூடத்துப் பக்கம் சாய்ந்து விழுந்தது.

அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, இவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாசக்கால் நின்ற இடத்துக்கு வந்ததும் நாற்காலி நகரவில்லை. குனிந்து பார்த்தால், நல்ல கையால் பிரேக்கைப் போட்டுவிட்டிருக்கிறார்.

“இன்னாங்க?”

“அண்ணன்... சொல்லட்டும்.”

அடப்பாவி மனுஷா! யாருக்காக நான் இத்தனையும் செய்தேன்? அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமாம், அதனால் இவர் அறைக்குள்ளேயே கிடப்பாராம். அந்தக் கடப்பாரையை இவர்மேலேயே போடலாமா என்று வந்தது எனக்கு. பெரியவர் விழுந்து கிடந்த வாசக்காலையே பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. நிஜமாகவே பயந்திருந்தார். பிறகு அதைத் தாண்டி வந்து, குனிந்து, பிரேக்கை விடுவித்தார்.

“எனக்கு இன்னாடா, நான் நல்லாத்தான் இருப்பேன். வாடா” என்று தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெரியவர் இன்றுவரை குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஆடிக் காற்றுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இவர் இப்போது வாசலில் உட்கார்ந்து, சந்தில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் குழறிக் குழறிக் கதை சொல்கிறார். “எங்கண்ணன்தான்... என்னை வெளிய... இட்டுனு வந்தாரு.” கேட்கிறவர்கள் அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்கிறார்கள், நான் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறேன்.