ஜப்பானில் கிடைத்த கியர் வண்டி லைசென்ஸ்

"கியரு வண்டியெல்லாம் உனக்கு இன்னாத்துக்கும்மா? ஸ்கூட்டிக்குப் போட்டுர்றேன். பொம்பளப் புள்ளைக்கு அது தாராளம்."

சில வருடங்களுக்கு முன் கரையான்சாவடியில் ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் என்னிடம் சொன்னது இது. அப்போதுதான் இன்ஜினீயரிங் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன்.

"இல்லண்ணா, எனக்கு கியர் வண்டியும் ஓட்டத் தெரியும்" என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டுவ, ஓட்டுவ. எட்டு போட சொல்லோ கால ஊனிகினு நிப்ப. அப்பறம் என் பேருதான் கெடும்."

அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. பூந்தமல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஸ்கூட்டியில் எட்டு போட்டு, கியர் இல்லாத வண்டி மட்டும் ஓட்டலாம் என்கிற லைசென்ஸோடு வீடு திரும்பினேன்.

கியர் வண்டி தெரியும் என்று நான் சொன்னது உண்மைதான். வேப்பம்பட்டில் எங்கள் தெருவிலேயே என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். கல்லூரி வரை ஒன்றாகவே ரயிலேறியவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, அவள் அப்பா கண் அசந்ததும், அவருடைய பழைய நூறு சிசி வண்டியைத் தெருமுனை வரை சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவோம். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் கிடந்த இடம்தான் எங்கள் மைதானம். விழுந்து எழுந்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டோம். "வண்டில பெட்ரோலு நிக்கவே மாட்டேங்குதே, டேங்க்ல ஓட்டையா?" என்று அவள் அப்பா மெக்கானிக்கிடமே கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சென்னை பாடியில் லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்குபவர். அம்மாவுக்கு எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. அதனால் கம்பெனி என்னை மூன்று வருடத்துக்கு ஜப்பானுக்கு அனுப்பப் போகிறது என்று தெரிந்தபோது, எங்கள் தெருவே என்னை ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பியது. மொழியை அம்பத்தூரிலேயே கம்பெனி வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஜப்பானில் எங்கள் பிரிவை ஒட்டி ஒரு சோதனை ஓட்டப் பாதை இருந்தது. புது பிரேக்கைப் பொருத்திய வண்டியை ஒரு சிறு குழு ஓட்டிப் பார்த்து, கைக்கும் காலுக்கும் எப்படி இருந்தது என்று சொல்லும். அவர்கள் சொல்வதைக் கேட்டு நான் வரைபடத்தைத் திருத்துவேன். நான் செய்யும் பிரேக்கை நானே ஒருமுறை பிடித்துப் பார்க்க முடியவில்லையே என்பது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்தக் குழுவில் ஓர் இடம் காலியானபோது முதல் ஆளாகக் கேட்டேன். குளிர்காலம் தொடங்குவதற்குள் அந்த ஊர் மோட்டார் சைக்கிள் லைசென்ஸைக் காட்டினால் இடம் எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு என்றார் எங்கள் பிரிவுத் தலைவர்.

இந்திய லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதில் கியர் வண்டியே இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஒரு பெண். என்னைவிட ஓரிரண்டு வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் வளைவுகளில் சுற்றிவிட்டு வந்து நிறுத்தியதும், மிகவும் பணிவாகக் கேட்டார்: "வழியில் யாரைக் கூப்பிட்டீர்கள்?"

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நான் ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்திருக்கிறேன். ஆளில்லாத மைதானத்தில், நட்டு வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு! நம் ஊரில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால்தான் தப்பு என்று சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹாரனை விட்டுவிட்டேன். காலின் பழக்கத்தை விடத்தான் சிரமமாக இருந்தது. சிநேகிதி வீட்டுப் பழைய வண்டியில் கியரைக் கூட்ட, ஒவ்வொரு தடவையும் இடது காலால் கீழே மிதிக்க வேண்டும். இங்கே முதல் கியருக்கு மட்டும்தான் மிதி. இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றுக்கும் கால் விரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். மிதித்தால் கியர் இறங்கிவிடும். வகுப்புகளில் யோசித்து யோசித்து அதைப் பழகிக்கொண்டேன். பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தேர்வு நாளில் எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் வேகமெடுத்து, கோட்டுக்கு முன் சட்டென்று நிறுத்திக் காட்டும் பகுதி. இரண்டாம் கியரில் வேகம் கூட்டினேன். அடுத்த கியருக்கு மாறச் சொல்லி தேர்வாளர் கையில் கொடி உயர்ந்தது. பதற்றத்தில் மூளை ஒதுங்கிக்கொள்ள, என் கால் மட்டும் வேப்பம்பட்டுக்குப் போய்விட்டது. மூன்றுக்குத் தூக்காமல், ஓங்கி மிதித்துவிட்டேன். வண்டி முதல் கியருக்கு இறங்கி அலறியது, பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போனது, நான் தரையில் கிடந்தேன்.

முழங்கை சிராய்ப்புதான். ஆனால் தேர்வு அங்கேயே முடிந்தது. நான் பிரேக் செய்கிற பெண். பிரேக் பிடிக்கும் இடத்துக்குக் கூடப் போய்ச் சேரவில்லை. அடுத்த தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. அதிலும் தவறினால் குளிர்காலம் வந்துவிடும், இடம் போய்விடும்.

சிநேகிதிக்குப் போன் செய்து அழுதேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எங்கப்பன் வண்டி உன்ன ஜப்பான் வரைக்கும் தொரத்திக்கினு வந்துகீதுடி!"

அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன்.

"சிரிப்ப வுடு. இன்னா பண்லாம், அத சொல்லு" என்றாள்.

பேசிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். தப்பு என் புத்தியில் இல்லை, காலில். அதனால் காலுக்குத்தான் பயிற்சி தர வேண்டும். அரிசிப் பையின் துணிப்பிடிக்குள் ஷூ முனையை நுழைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவேன். அவள் போன் வீடியோவில் என் காலைப் பார்த்துக்கொண்டே கியர் எண்ணைச் சொல்வாள். கூட்டச் சொன்னால் பையைத் தூக்க வேண்டும், இறக்கச் சொன்னால் மிதிக்க வேண்டும். யோசிக்க விடாமல் மாற்றி மாற்றிக் கத்துவாள். நான் இரவு சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அவள் பூந்தமல்லியில் லேப் வேலை முடித்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பாள்.

"ரெண்டு! மூணு! ரெண்டு! மூணு! ஏய், தூக்குடி! நாலு!"

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெரியவர் அவளிடம் கேட்டது எனக்கே போனில் கேட்டது. "இன்னாம்மா, ஏலம் வுட்டுகினு கீறியா?"

"ஜப்பான்ல ஒரு வண்டி ஓடுதுண்ணா. நான் இங்கேருந்து கியரு போட்டுகினு கீறேன்" என்றாள்.

அம்மாவோடு வீடியோவில் பேசும்போதும் கால் தானாகத் தூக்கும். "இன்னா கண்ணு, கால ஒதறிக்கினே கீற? எறும்பு கடிக்குதா?" என்று கேட்டாள். தேர்வில் விழுந்ததை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்று சொல்லிவிட்டேன். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மட்டும், "அடி பட்டுச்சா? இல்லியா? அப்ப மறுக்கா போ" என்றார்.

இரண்டாம் தேர்வன்று லேசான தூறல். எனக்கு முன்னால் போன இருவர், வண்டியோடு ஏறிக் கடக்க வேண்டிய குறுகலான பலகையிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கிவிட்டார்கள். அந்தப் பலகை மீது வேகமாகப் போகக் கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்குக் குறையாமல் ஊர்ந்துதான் கடக்க வேண்டும். பயந்தவர்கள் சீக்கிரம் கடந்துவிடப் பார்த்துத் தவறுவார்கள். எனக்கோ பயப்பட வேண்டிய இடமே அதுவல்ல. பாடி மேம்பாலத்துக்குக் கீழே, முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ என்று ஸ்கூட்டியில் காலை ஊன்றாமல் எத்தனை நாள் ஊர்ந்திருப்பேன்! மூச்சை விட்டுக்கொண்டு நிதானமாகக் கடந்தேன்.

வளைவுகள் முடிந்தன. நேர்ப்பாதை வந்தது. முதல் கியர், இரண்டு. கொடி உயர்ந்தது. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. கால் விரல் தானாக அடியில் போய்த் தூக்கியது. மூன்று. வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல முன்னேறியது. கோடு நெருங்கியதும் இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்தேன். ஈரத் தரையில், ஒரு துளிகூட வழுக்காமல், கோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றது. ஹெல்மெட்டுக்குள் நான் போட்ட கூச்சல் வெளியே கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

தேர்ச்சி பெற்றவர்களைக் கூப்பிட்டபோது என் பெயர்தான் முதலில் வந்தது. பயிற்சியாளர் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பலகையில் தூங்கிவிட்டீர்களோ என்று பயந்தேன். எங்கே கற்றீர்கள்?" என்றார். பாடி என்றேன். அது பெரிய பயிற்சிப் பள்ளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன், மிகப் பெரியது, இரவு பகல் மூடுவதே இல்லை.

எழுத்துத் தேர்வும் முடிந்து அட்டை கைக்கு வந்த அன்று, அதை வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். அவருக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கியரு வண்டின்னு போட்டுகீதா?"

"போட்டிருக்குப்பா."

"நல்லாப் பாத்துக்க. போன தபா மாரி மாத்திப் போட்டுடப் போறானுங்க" என்றார். அந்த ஸ்கூட்டி லைசென்ஸைப் பற்றி நான் வீட்டில் ஒரே ஒரு முறைதான் புலம்பியிருந்தேன்.

முதல் பனி விழும் முன்பே சோதனை ஓட்டக் குழுவில் சேர்ந்துவிட்டேன். நானே வரைந்த பிரேக்கை நானே ஓட்டிப் பிடித்துப் பார்த்தேன். கைப்பிடி கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் சொன்னது. வரைபடத்தில் எத்தனை நாள் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. என் விரல் சொன்னபடி அதைத் திருத்தினேன். இன்று அந்தத் திருத்தத்தோடுதான் அந்த பிரேக் தயாராகிறது.

இப்போது எங்கள் பிரிவில் பெரிய இன்ஜின் வண்டிகளுக்கான வேலை தொடங்கியிருக்கிறது. அவற்றை ஓட்ட இன்னொரு லைசென்ஸ் வேண்டும். வண்டியோ என்னைப் போல நான்கு பேர் எடை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் எதனால் விழுந்தோம் என்று தெரிந்துகொண்டால் எழுந்து நேராக ஓட்டிவிடலாம் என்பதை அந்த இரண்டு வாரம் என் உடம்புக்கே புரியவைத்துவிட்டதால், யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் பதிவு செய்து, போன ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பில் அந்தப் பெரிய வண்டியை மைதானம் முழுக்க ஒரு சுற்று ஓட்டியும் விட்டேன்.