பொய்ச் சாட்சி சொல்லாத அத்தை

கூண்டில் நின்ற அத்தை சத்தியம் செய்யக் கையை நீட்டினாள். விரல்கள் கறுப்பு அட்டையில் பட்டதும் கை ஒரு கணம் துள்ளியது. குனிந்து பார்த்தாள். பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு, நடுவிலிருந்து தொங்கும் நாடா. அது நிஜமான வேதாகமம். தலையைத் திருப்பி, திரை ஓரமாக நின்ற டைரக்டரை அவள் பார்த்த பார்வை எனக்கு இன்றும் விளங்கவில்லை. கோபமா, பயமா, கெஞ்சலா?

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைக் கூடத்தில் சில வருடங்களுக்கு ஒருமுறை போடுகிற நாடகம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் கண்டோன்மென்டில் நடந்த ஒரு வழக்கை வைத்து, எங்கள் தெருக்காரர் ஒருவர் எப்போதோ எழுதியது. துரைசானியின் நகை காணாமல் போகிறது. தோட்டக்காரன் மேல் பழி விழுகிறது. அவன் எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாகத் துரை வீட்டு ஆயா வேதத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்கிறாள். தோட்டக்காரனின் வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்டு, கடைசியில் அவள் வாயாலேயே உண்மையை வரவழைக்கிறார். அந்தக் குறுக்கு விசாரணைக்காகத்தான் கூடம் நிரம்பும்.

அந்த வருடம் வக்கீல் நான். அதுவரை ஆண்களே போட்ட வேடம். அப்போது சட்டக் கல்லூரியில் முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்; இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் அப்பா, வேலையை விட்டுவிட்டு முதன்முறையாக இந்த நாடகத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் என்னதான் படிக்கிறேன் என்பதை அவருக்குக் காட்ட எனக்கு இருந்தது அந்த ஒரு காட்சி. அதற்காகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

ஆயா வேடத்துக்கு அப்பாவின் தங்கையைப் பிடித்ததைப் பொருத்தம் என்று தெருவே சொன்னது. வேலை செய்கிற வீட்டுக்குப் போன் போட்டு, "காய்ச்சல்க்கா, எழுந்திருக்கவே முடியல" என்று இருமிவிட்டு, மறு நிமிஷம் பூ வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவள் அத்தை. ஒத்திகையில் பழைய டெலிபோன் டைரக்டரியைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்திருந்தோம். அதன் மேல் கை வைத்து அவள் சொன்ன பொய்யை நானே நம்பிவிடுவேன். "என்னடி லாயரம்மா, என்கிட்டேருந்து உண்மைய வாங்கிடுவியா? வாங்கு, நோடோணா, பாத்துடலாம்" என்று சீண்டுவாள். மேடையில் அசலாகத் தெரியட்டும் என்று நாடகத்தன்று டைரக்டர் தன் வீட்டு வேதாகமத்தைக் கொண்டுவந்து வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

சர்க்கார் வக்கீலாக நடித்த பேக்கரி மாமா ஒட்டு மீசையை நீவிக்கொண்டு கேட்டார். "இந்தத் தோட்டக்காரன் நகையை எடுத்ததை நீ பார்த்தாய் அல்லவா?"

"இல்லீங்க. நான் பாக்கல."

மாமாவின் மீசை ஒரு பக்கம் பிரிந்துகொண்டது. "நன்றாக யோசித்துச் சொல்!"

"யோசிச்சுதான் சொல்றேன். இவன் பாவம், ஒண்ணும் எடுக்கல. எடுத்தது துரையோட மச்சான். என்னைப் பொய் சொல்லச் சொன்னதும் அவருதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏ அக்கா, அது கடைசி சீனு! இப்பவே சொல்லிட்டா மிச்ச நேரம் நாங்க என்னா பண்றது?"

கூடம் சிரித்தது. நீதிபதி பரிதாபமாக என் பக்கம் திரும்பி, "குறுக்கு விசாரணை உண்டா?" என்றார். நான் மனப்பாடம் செய்திருந்த கேள்விகள் எல்லாம் பொய்யை உடைப்பதற்கானவை. உண்மை சொல்கிறவளிடம் என்ன கேட்பது? அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் புத்தகத்தின் மேல். "இல்லை, கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லி உட்கார்ந்தேன். நான் பேசியது அவ்வளவுதான். டீ இடைவேளைக்கு முன்பே தோட்டக்காரன் விடுதலையாகிவிட்டான்.

திரைக்குப் பின்னால் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நடிப்பும்மா அது! நடிப்புல ஏது பாவம்?"

"உங்களுக்கு நடிப்பு சார். கை என்னுதாச்சே."

எனக்கு அழுகை முட்டியது. "எனக்காகவாச்சும் சொல்லியிருக்கலாம்ல அத்தை?" என்றேன். என் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டபடியே, "உனக்காகத்தான்னு வச்சுக்கோயேன்" என்றாள். அது என்ன பதில்? எந்த நேரத்திலும் கூசாமல் பொய் சொல்கிறவளுக்கு அன்று மட்டும் கை ஏன் கூசியது? பயந்தாளா? அண்ணன் எதிரில் என்னிடம் தோற்க மனம் வரவில்லையா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

இப்போது நான் நிஜமான வக்கீல். எங்கள் கோர்ட்டில் சாட்சிகள் வாயால் உறுதிமொழி சொல்லிவிட்டு, அதே மூச்சில் சரளமாகப் பொய் சொல்கிறார்கள். கேள்வி மேல் கேள்வி கேட்கிறேன். சிலர் உடைகிறார்கள், பலர் உடைவதில்லை. அத்தையைப் போல ஒருவர்கூட இதுவரை வரவில்லை. வந்தால் நம்புவேனா என்றும் தெரியவில்லை.

போன வாரம் அப்பா கோர்ட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். என் சீனியரைப் பார்த்ததும், வழக்கம்போல அந்த நாடகத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். உண்மையில் நடந்தது என்ன என்று நான் எத்தனையோ முறை விளக்கியும் அவர் கேட்டதில்லை. அன்று நான் விளக்கப் போகவில்லை.

"இவ ஒரு கேள்வி கேக்கல சார். எழுந்து நின்னா, அவ்ளோதான். என் தங்கச்சி வாயிலேருந்து பொறந்ததுலேருந்து ஒருத்தரும் உண்மைய வாங்கினதில்ல. எம்பொண்ணு வாங்கிட்டா!"